கார் நிமிர்ந்தால் போதுமா? பழைய அம்பாசிடருக்குப் பட்டை மாற்றும் முன் தெரிந்து கொள்ள வேண்டியவை

கட்டை வண்டியில் போனவர்களுக்குக் குலுக்கல் என்றால் என்ன என்று தெரியும். பாதையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறி இறங்கும்!

வில் வண்டி அப்படி அல்ல. அதில் போனால் தொட்டிலில் ஆடுவது போல் இருக்கும். காரணம், அச்சுக்கும் வண்டிக் கூட்டுக்கும் நடுவே இருக்கும் இரும்பு வில். அந்த வண்டிக்குப் பெயர் கொடுத்ததே அந்த வில்தான்.

அதே வில்தான் அம்பாசிடர் காரின் பின்சக்கரங்களையும் தாங்குகிறது. ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிய உருக்குப் பட்டைகள். மேலே இருப்பது நீளம். கீழே போகப்போக நீளம் குறையும். பட்டறைகளில் இதை "பட்டை" என்றும், "லீப் ஸ்பிரிங்" என்றும் சொல்வார்கள். வலப்பக்கம் ஒரு கட்டு, இடப்பக்கம் ஒரு கட்டு.

இந்தக் கட்டு வயதாகித் தளர்ந்து விட்டால் என்ன செய்வது? புதிதாக எதை வாங்குவது? இதில் தவறு செய்தால் பணம் மட்டும் போகாது. பின் இருக்கையில் உட்காருகிறவர்களின் முதுகும் போகும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து வரும்!

அப்பா வாங்கிய கார்

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள்.

அப்பா வாங்கிய அம்பாசிடர் கார். அப்பா இன்று இல்லை. கார் இருக்கிறது. அதை விற்க மகனுக்கு மனம் வரவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குடும்பம் முழுவதும் ஊருக்குப் போவது அதில்தான்.

ஒரு நாள் பார்த்தால், காரின் பின்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது. கிழட்டு மாடு படுத்தது போல் இருக்கிறது.

மகன் காரைப் பட்டறைக்கு ஓட்டிப் போகிறார்.

"என்ன மேஸ்திரி, கார் இப்படி உட்கார்ந்து விட்டதே?"

"பட்டை தளர்ந்து போச்சு, ஐயா. இன்னும் ஒரு பட்டை சேர்த்துப் போட்டு விட்டால் ஜம்மென்று நிமிர்ந்து நிற்கும்!"

அப்படியே செய்கிறார்கள். காரும் நிமிர்ந்து நிற்கிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மகிழ்ச்சி முதல் பயணம் வரைக்கும்தான். பின் இருக்கையில் இருந்த அம்மா பத்து மைல் போவதற்குள், "என்னடா இது? கட்டை வண்டியில் உட்கார்ந்தது போல இருக்கிறதே!" என்கிறார். வழியில் மழை. ஒரு வளைவில் காரின் பின்பக்கம் வழுக்குகிறது. நல்ல வேளை, எதிரே வண்டி வரவில்லை.

தவறு யாருடையது? மேஸ்திரி பொய் சொல்லவில்லை. கார் நிமிர்ந்தது உண்மைதான். கேட்ட கேள்வியில்தான் தவறு. "காரை எப்படி நிமிர்த்துவது?" என்று கேட்டார்கள். "கார் ஏன் தாழ்ந்தது?" என்று கேட்டிருக்க வேண்டும்.

பட்டைக்கு இரண்டு வேலை

பட்டை குலுக்கலைத் தாங்குவதற்காக மட்டும் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பின்பக்கத்து அச்சு முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக் கொள்வதும் பட்டைதான்!

மேலே இருக்கும் நீளமான பட்டைக்கு "மெயின் பட்டை" என்று பெயர். அதன் இரண்டு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். முன் வளையம் காரின் உடம்போடு ஒரு போல்ட்டால் இணைக்கப்பட்டிருக்கும். பின் வளையம் "ஷாக்கிள்" என்ற ஊசலாடும் இணைப்பில் தொங்கும்.

ஊசலாட்டம் எதற்கு? சுமை ஏறினால் வளைந்த பட்டை நேராகும். நேரானால் அதன் நீளம் கூடும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷாக்கிள் ஆடுகிறது.

நடுவில், "யூ போல்ட்" என்ற வளைந்த போல்ட்டுகள் பட்டைக் கட்டையும் அச்சையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கின்றன.

இந்த நிலையில் மெயின் பட்டை முறிந்தால் என்ன ஆகும்? அச்சு இடம் பெயரலாம். ஸ்டீரிங்கை ஒரு பக்கம் திருப்ப, கார் வேறு பக்கம் இழுக்கும்! அதனால்தான் பட்டை விஷயத்தில் அலட்சியம் கூடாது.

பின்பக்கம் தாழ்ந்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. காரின் மூக்கு மேலே தூக்கும். இரவில் ஹெட்லைட் வெளிச்சம் சாலையில் விழாது. எதிரே வருகிறவரின் கண்ணில் விழும்.

வளைவு வேறு, விறைப்பு வேறு!

இனி சொல்லப் போவதுதான் முக்கியம். இதைப் புரிந்து கொண்டால் பாதி வேலை முடிந்தது.

காருக்கு உயரத்தைக் கொடுப்பது பட்டையின் வளைவு. காருக்கு விறைப்பைக் கொடுப்பது பட்டையின் தடிப்பும் எண்ணிக்கையும்.

பல ஆண்டுகள் சுமை தூக்கிய பட்டை தன் வளைவை இழக்கிறது. ஆனால், முறியாமலும் துரு தின்னாமலும் இருந்தால் அதன் விறைப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். 100 கிலோ ஏற்றினால் அன்றைக்கு எவ்வளவு தாழ்ந்ததோ, இன்றைக்கும் அவ்வளவுதான் தாழும். தாழத் தொடங்கும் இடம் மட்டும் கீழே இறங்கி விட்டது.

ஆகவே, போனது வளைவு. கொடுக்க வேண்டியதும் வளைவு. இன்னொரு பட்டையைச் சேர்த்தால், போகாத விறைப்பை அல்லவா கூட்டுகிறோம்? தலைவலிக்குக் காலில் கட்டுப் போட்டது போல் ஆகும்!

ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை

"கொஞ்சம் தடித்த பட்டையாகப் போட்டால் பலம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

பட்டையின் விறைப்பு, தடிப்பை மூன்று முறை பெருக்கிய அளவில் கூடும். 6 மில்லிமீட்டர் பட்டையை எடுத்துக் கொள்ளுங்கள். ஆறாறு முப்பத்தாறு. அதை மறுபடியும் ஆறால் பெருக்கினால் 216. 7 மில்லிமீட்டர் பட்டைக்கு? ஏழேழு நாற்பத்தொன்பது. அதை ஏழால் பெருக்கினால் 343.

216 எங்கே, 343 எங்கே? எல்லாப் பட்டைகளையும் ஒரே ஒரு மில்லிமீட்டர் தடிப்பாகப் போட்டதற்கு, விறைப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலே போய் விட்டது!

உதாரணத்துக்கு, 6 மில்லிமீட்டர் பட்டைகள் போட்ட ஒரு கார், பின்பக்கத்தில் 100 கிலோ ஏறினால் 1 அங்குலம் தாழ்வதாக வைத்துக் கொள்ளுங்கள். 200 கிலோ ஏறினால் 2 அங்குலம் தாழும். அதே கார் 7 மில்லிமீட்டர் பட்டையில் ஒன்றேகால் அங்குலம்தான் தாழும். கேட்க நன்றாக இருக்கிறது.

ஆனால், சாலையில் ஒரு மேட்டில் ஏறும் போது கதை மாறும். மேடு சக்கரத்தை மேலே தள்ளுகிறது. சக்கரம் பட்டையைத் தள்ளுகிறது. பட்டை காரைத் தள்ளுகிறது. முன்பு 100 கிலோ கணக்கில் விழுந்த அடி, இப்போது 159 கிலோ கணக்கில் விழும்.

அந்த அடி எங்கே போகும்? முதலில் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுக்குப் போகும். பிறகு காரின் உடம்புக்குப் போகும். அம்பாசிடரில், லாரிக்கு இருப்பது போலத் தனியான சேஸிஸ் சட்டம் கிடையாது. தகட்டு உடம்பே சட்டமும் ஆகும். பட்டையைத் தாங்கும் இடத்தில் ஏற்கெனவே துரு இருந்தால், தொடர்ந்து விழும் அடியில் அந்த இடம் விரிசல் விடலாம்.

விறைப்பான பட்டையில் சக்கரம் குதிக்கும். குதிக்கும் சக்கரம் சாலையைப் பிடிக்காது. மழையில், வளைவில் பின்பக்கம் வழுக்குவது இதனால்தான்.

தாழ்ந்தது பட்டையால்தானா?

பட்டையைக் குற்றம் சொல்லும் முன், வேறு காரணம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

முதலில், கட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, ஒவ்வொரு பட்டையாகப் பார்க்க வேண்டும். நடுவில் சென்டர் போல்ட் போகும் துளையை ஒட்டி விரிசல் விடுவது வழக்கம். ஒரு பட்டை முறிந்திருந்தாலும் சேறும் எண்ணெயும் அதை மறைத்து விடும்.

அடுத்து, வளையங்களுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்களைப் பார்க்க வேண்டும். ரப்பர் நைந்து போயிருந்தால் பட்டை இடம் மாறி உட்காரும். "கடகட" என்று சத்தமும் வரும்.

கார் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அம்பாசிடரின் முன்சக்கரங்களுக்குப் பட்டை கிடையாது. அங்கே இருப்பது முறுக்குக் கம்பி. நீளமான உருக்குக் கம்பி முறுக்கிக் கொண்டு சுமையைத் தாங்கும். அந்தக் கம்பி ஒரு பக்கம் தளர்ந்தாலும் கார் முழுவதும் சாயும். பார்க்கிறவர்கள் பின் பட்டையின் மேல் பழி போடுவார்கள்!

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பின் பட்டைகளை இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். சாய்வும் பக்கம் மாறினால் பட்டையில் குறை. சாய்வு மாறாமல் அதே பக்கம் நின்றால் குறை வேறு இடத்தில்.

டிரைவர் மட்டும் தனியாக ஓட்டிய கார்களில், அவர் உட்காரும் வலப்பக்கம் சற்று அதிகமாகத் தாழ்வது இயல்பு.

வீட்டிலேயே அளக்கலாம்

புதுப் பட்டை சொல்லும் முன் காரை அளந்து கொள்ள வேண்டும். இதற்கு ஓர் அளவு நாடா போதும்.

காரைச் சமதரையில் நிறுத்த வேண்டும். டிக்கியைக் காலி செய்ய வேண்டும். பின்பக்கத்தைக் கையால் நாலு முறை அழுத்தி விட வேண்டும். பட்டைகள் ஒன்றோடு ஒன்று உரசிப் பிடித்துக் கொண்டிருக்கும். அழுத்தி விட்டால்தான் சரியான உயரத்துக்கு வரும்.

இனி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக் கொள்ளலாம். இரண்டு பக்கமும் அளக்க வேண்டும்.

பிறகு, வீட்டில் உள்ளவர்களைப் பின் இருக்கையில் உட்கார வைக்க வேண்டும். குழந்தைகளுக்கு இது விளையாட்டு! ஊருக்குக் கொண்டு போகும் பெட்டிகளையும் டிக்கியில் வைக்க வேண்டும். காரை மறுபடி அழுத்தி விட்டு, மறுபடி அளக்க வேண்டும்.

இப்போது மூன்று விஷயங்கள் கையில் கிடைத்து விட்டன. காலிக் காரின் உயரம். சுமை ஏறிய காரின் உயரம். குடும்பச் சுமைக்குக் கார் எவ்வளவு தாழ்கிறது என்ற கணக்கு. பட்டை செய்பவருக்கு இது பெரிய உதவி.

டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருக்கிறதா? அதையும் சொல்ல வேண்டும். அது இறக்கி வைக்க முடியாத சுமை. எந்நேரமும் பட்டையின் மேல் இருந்து கொண்டே இருக்கும்.

மூன்று வழிகள்

பட்டை போய் விட்டது என்று முடிவாகி விட்டால், மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பழைய பட்டைக்கே மறுபடி வளைவு கொடுப்பது. இதில் இரண்டு விதம் உண்டு. பட்டையைச் சூடு செய்யாமல் சம்மட்டியால் தட்டி வளைப்பது ஒன்று. செலவு குறைவு. ஆனால், கொடுத்த வளைவு சீக்கிரமே போய் விடும்.

மற்றொன்று முறையான வழி. பட்டையைச் சுமார் 900 டிகிரி வரை செக்கச் சிவக்கக் காய்ச்சுவார்கள். வளைத்து, எண்ணெயில் தோய்த்து எடுப்பார்கள். அந்த நிலையில் உருக்கு கண்ணாடி போல் முறியும். ஆகவே, மறுபடியும் 450 முதல் 500 டிகிரி வரை சூடு காட்டிப் பதப்படுத்துவார்கள். அப்போதுதான் வளைந்தும் கொடுக்கும், முறியாமலும் இருக்கும். பட்டைகளில் விரிசலும் ஆழமான துருவும் இல்லாவிட்டால், இந்த வழி நல்ல வழி.

இரண்டாவது வழி, பழைய சாமான் கடையில் வாங்குவது. சென்னையில் புதுப்பேட்டை, கொல்கத்தாவில் மல்லிக் பஜார் போன்ற இடங்களில் பழைய கார்களின் பாகங்கள் கிடைக்கும். விலை மலிவு. ஆனால், அந்தப் பட்டை எத்தனை ஆண்டுகள் உழைத்தது, எந்தக் காரில் உழைத்தது என்று யார் சொல்ல முடியும்? மூட்டை முடிச்சுகளை ஏற்றி ஓடிய டாக்சியில் இருந்து கழற்றியதாகவும் இருக்கலாம். அதில் யாராவது ஒரு பட்டையை முன்பே சேர்த்திருக்கவும் கூடும். எண்ணிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

மூன்றாவது வழி, புதிதாகச் செய்து போடுவது. செலவு அதிகம்தான். என்றாலும், அளவு தெரிந்து செய்தால் நீண்ட நாள் கவலை இல்லை.

எந்த வழியானாலும், முறிந்த பட்டைக்கு வெல்டிங் வைக்கவே கூடாது! வெல்டிங்கின் சூடு, உருக்கின் பதத்தைக் கெடுத்து விடும். ஒட்டிய இடத்தின் பக்கத்திலேயே மறுபடி முறியும்.

பெயரைச் சொன்னால் போதாது

"அம்பாசிடருக்குப் பட்டை கொடுங்கள்" என்று கேட்டால் போதாதா? போதாது!

இங்கிலாந்தில் 1956-ல் வந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவிப் பிறந்தது அம்பாசிடர். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை இதைச் செய்தது. 1950-களின் இறுதியில் தொடங்கிய இந்த வேலை 2014-ல் நின்றது. மந்திரிகள் போனதும் அதில்தான். கல்யாண மாப்பிள்ளைகள் போனதும் அதில்தான்.

இத்தனை ஆண்டுகளில் வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை. ஆனால், உள்ளே பல மாறுதல்கள் வந்தன. பெட்ரோல் கார், டீசல் கார், ஜப்பானிய இசுசு என்ஜின் வைத்த கார் என்று பல விதங்கள் வந்தன. மேலும், ஒவ்வொரு காரும் பல கைகள் மாறி வந்தது. வழியில் யார் எதை மாற்றினார்களோ!

ஆகவே, பழைய பட்டையையே மாதிரியாகக் கொண்டு போவது நல்லது. அதோடு கீழ்க்கண்ட அளவுகளையும் எழுதிக் கொடுக்க வேண்டும்:

பட்டைகள் எத்தனை?

ஒவ்வொன்றின் அகலமும் தடிப்பும் என்ன? (துருப்பிடித்த இடம் உப்பியிருக்கும். சுத்தமான இடத்தில் அளக்க வேண்டும்.)

மெயின் பட்டையில் ஒரு வளையத்தின் நடுவிலிருந்து மறு வளையத்தின் நடு வரை நீளம் என்ன?

முன் வளையத்திலிருந்து சென்டர் போல்ட் வரை எவ்வளவு? சில கார்களில் சென்டர் போல்ட் சரியான நடுவில் இராது. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் அச்சே இடம் மாறி விடும்.

வளையத்தின் உள் அளவு என்ன?

கார் காலியாகவும் சுமையோடும் எந்த உயரத்தில் நிற்க வேண்டும்?

கடைசிக் கேள்விதான் பலரும் மறந்து விடுவது. மேசை மேல் வைத்த பட்டையின் வளைவை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவோம். பட்டை வேலை செய்வது காரின் பாரத்தின் கீழ்!

பூட்டும் போது

பட்டையை எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் கார் நொண்டும்.

யூ போல்ட்டுகளும் ரப்பர் புஷ்களும் புதிதாக இருக்கட்டும். அவற்றுக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான்.

வளையங்களில் இருக்கும் போல்ட்டுகளைக் கார் தூக்கி நிற்கும் போது கடைசியாக இறுக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில் பட்டு, காரின் பாரம் முழுவதும் பட்டையில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால், ரப்பர் புஷ் முறுக்கிக் கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்து விடும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். புதுப் பட்டை கொஞ்சம் அமர்ந்து விடும். உயரத்தையும் ஹெட்லைட்டையும் அதன் பிறகே சரி பார்ப்பது நல்லது.

இது வீட்டு வாசலில் செய்யும் வேலை அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுக்கக் கூடாது. கட்டிய பட்டையின் சென்டர் போல்ட்டைத் தெரியாமல் கழற்றினால், பட்டைகள் சீறிக் கொண்டு விரியும். தெரிந்த கைகளிடம் விட வேண்டும்.

மறுபடியும் அம்மா ஏறினார்

அந்தக் குடும்பத்துக்கும் இதுதான் வழி. சேர்த்த பட்டை வெளியே வர வேண்டும். காரை அளக்க வேண்டும். இழந்த வளைவைக் கொடுத்த ஒரு ஜோடி, பழைய தடிப்பிலேயே உள்ளே போக வேண்டும்.

அப்போது கார் ஓரளவு தாழத்தான் செய்யும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் தாழாமல் என்ன செய்யும்? தாழ்வதுதான் வில்லின் வேலை. தாழாத வில், வில் அல்ல. வெறும் இரும்புத் துண்டு!

கழற்றிய பழைய பட்டைகள் வீண் போவதில்லை. நல்ல உருக்கு ஆயிற்றே! கொல்லன் உலையில் காய்ந்து, அடி வாங்கி, அரிவாளாக மாறும்.

கார் எவ்வளவு ஜம்மென்று நிற்கிறது என்று தெருவில் போகிறவர்கள் சொல்லலாம். பட்டை சரியா, தப்பா என்பதைச் சொல்ல வேண்டியவர் பின் இருக்கையில் இருக்கிறார். ஊர் போய்ச் சேரும் போது அம்மா அங்கே தூங்கிக் கொண்டிருந்தால், பட்டை சரியான பட்டைதான்!